பழைய கட்டடத்தைத் தொடுமுன்: சுங்கை சிப்புட் வட்டாரத்தினர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட் நகரிலும் அதைச் சூழ்ந்த ரப்பர், செம்பனைத் தோட்டங்களிலும் உள்ள பழைய கட்டடங்கள் பெரும்பாலும் ஆலய நிர்வாகக் குழுவினர், தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினர், தாத்தா காலத்துக் கடைவீட்டை இன்னும் வைத்திருக்கும் குடும்பத்தினர் ஆகியோரின் பொறுப்பில் இருக்கின்றன. கட்டடத் தொழில் தெரியாதவர்கள் மீது இவ்வளவு பெரிய பொறுப்பு விழும்போது, முதலில் வந்து பார்க்கும் ஒப்பந்தக்காரரின் பேச்சே ஆலோசனையாகிவிடுகிறது. கட்டடங்களின் நிலையை ஆராய்வதைத் தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில், அவர்கள் என்னிடம் கேட்டவற்றையும் நான் சொன்ன விடைகளையும் இங்கே தொகுத்திருக்கிறேன். எல்லா விடைகளிலும் நான் வலியுறுத்துவது ஒன்றே: தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எந்த வழியாக வெளியேறுகிறது என்பது தெரியும்வரை எதையும் இடிக்கவும் கூடாது, எதன்மீதும் பூசவும் கூடாது.

எங்கள் தோட்டத்துக் கோயிலோ பள்ளியோ சட்டப்படி பாரம்பரியக் கட்டடம் ஆகுமா?

வயது மட்டுமே ஒரு கட்டடத்தைச் சட்டத்தின் பாதுகாப்புக்குள் கொண்டுவந்துவிடாது. 1976ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் நூறு ஆண்டு என்பதை முக்கிய அளவுகோலாகக் கொண்டிருந்தது. அதன் இடத்தில் வந்த 2005ஆம் ஆண்டின் தேசியப் பாரம்பரியச் சட்டம் (சட்டம் 645), வரலாற்றுத் தொடர்பு, கட்டட அமைப்பு, சமூகத்துக்கும் பண்பாட்டுக்கும் உள்ள முக்கியத்துவம், அரிய தன்மை ஆகியவற்றையும் கருத்தில் கொள்கிறது. பாரம்பரிய ஆணையர் ஓர் இடத்தைப் பாரம்பரியத் தளமாக அறிவித்துப் பதிவேட்டில் சேர்த்தால்தான் அச்சட்டத்தின் பாதுகாப்பு கிடைக்கும். அது மாநிலத்துக்குள் அமைந்த இடமென்றால் மாநில அரசின் இசைவும் தேவைப்படும்.

தோட்டப்புறக் கட்டடங்களில் மிகப் பெரும்பாலானவை அந்தப் பதிவேட்டில் இல்லை. பதிவில் இல்லை என்பதால் அவற்றை விருப்பம்போல் மாற்றலாம் என்று எண்ணிவிட வேண்டாம். சுவரை இடிப்பது, கூரை அமைப்பை மாற்றுவது, மண்டபத்தை நீட்டுவது போன்ற வேலைகளுக்கு ஊராட்சி மன்றத்தின் ஒப்புதல் வேண்டும். நம் பகுதியில் அது கோலாகங்சார் நகராண்மைக் கழகம். சட்டம் சொல்லாவிட்டாலும், பதிவு பெற்ற கட்டடத்துக்குச் செய்யும் ஆய்வையும் ஆவணப்படுத்தலையும் உங்கள் கட்டடத்துக்கும் செய்யுங்கள் என்பது என் வேண்டுகோள்.

கட்டடம் எப்போது எழுந்தது என்பதை எப்படி உறுதி செய்வது?

இதற்குப் பொறுமை வேண்டும். தோட்டங்கள் கைமாறியபோது ஆவணங்களும் கைமாறின, அல்லது குப்பைக்குப் போயின. 1942 முதல் 1945 வரையிலான ஜப்பானியர் ஆட்சியில் தோட்ட நிர்வாகமே சிதறியது. ஜப்பானியர் அமைத்த சயாம் ரயில்பாதை வேலைக்குக் கொண்டுபோகப்பட்டவர்களில் திரும்பாதவர்களோடு அவர்கள் அறிந்திருந்த செய்திகளும் போய்விட்டன. 1950களிலும் 60களிலும் பெருந்தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டன. அந்தத் துண்டாடலை எதிர்கொள்ளவே, இத்தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. 1948 ஜூன் 16ஆம் நாள் சுங்கை சிப்புட் தோட்டங்களில் மூன்று ஆங்கிலேய நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டதை அடுத்து அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அதற்குப் பின் சிதறிக் கிடந்த லயங்கள் (தொழிலாளர் வரிசை வீடுகள்) பல ஓரிடத்துக்கு நகர்த்தப்பட்டு முள்வேலிக்குள் கொண்டுவரப்பட்டன. ஆகவே “பாட்டி பிறந்த லயம்” என்று ஒரு குடும்பம் காட்டும் வீடு, பாட்டி பிறந்த தோட்டத்தில் இருந்தாலும், அவசரகாலத்தில் எழுந்த வரிசையாக இருக்கலாம். குடும்ப நினைவு பொய் சொல்வதில்லை. இடமும் கட்டடமும் அதில் கலந்திருக்கக் கூடும் என்பதை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கட்டடமே தரும் சான்றுகளைத் தேடுங்கள். மங்களூர் ஓடுகளின் அடிப்பக்கத்தில் ஓட்டுச்சாலையின் பெயர் அச்சாகியிருக்கும். செங்கல்லின் அளவும் முத்திரையும் காலத்தைச் சுட்டும். கைமரத்தில் கைரம்பத்தால் அறுத்த தடமா, இயந்திர ரம்பத்தின் வளைந்த தடமா என்று பார்க்கலாம். உபயக் கல்வெட்டு இருந்தால் அதன் ஆண்டைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் பல நேரங்களில் அது திருப்பணியின் ஆண்டு, கோயிலின் ஆண்டன்று. ஓய்வுபெற்ற கிராணி (எழுத்தர்), மண்டோர் (மேற்பார்வையாளர்), பால்வெட்டுத் தொழிலாளர்கள் ஆகியோரைத் தனித்தனியாக உட்காரவைத்துக் குரலைப் பதிவு செய்யுங்கள். கூட்டமாகக் கேட்டால் உரக்கப் பேசுபவரின் நினைவே எல்லாருடைய நினைவாகவும் மாறிவிடும்.

நிலை ஆய்வு என்றால் என்னதான் செய்வார்கள்?

முதலில் அளந்து வரைவார்கள்: தரைப்படம், நான்கு முகப்புகள், குறுக்குவெட்டு, பிறகு தூண், நிலைப்படி, சன்னல் போன்ற நுண்பகுதிகள். ஒவ்வோர் அறைக்கும் ஒவ்வொரு சுவருக்கும் எண் கொடுத்து, ஒவ்வொரு பழுதையும் அந்த எண்ணோடு சேர்த்துப் படமெடுத்துப் பட்டியலிடுவார்கள். பழுதின் இடம், அளவு, காரணம், அவசரத்தின் அளவு ஆகிய நான்கும் இல்லாத பட்டியல் பயன்படாது. “சுவர் பெயர்ந்துள்ளது, பூச வேண்டும்” என்று மட்டும் எழுதியிருந்தால், ஏன் பெயர்ந்தது என்பதை எழுதியவர் பார்க்கவே இல்லை என்று பொருள்.

ஆய்வை மழை பெய்யும்போது செய்ய வேண்டும். மேற்குக் கரையில் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் மழை மிகுதி. அந்த நாள்களில் மாலை மழையில் குடையோடு கட்டடத்தைச் சுற்றி வந்தால், கூரையின் எந்தப் பீலி நிரம்பி வழிகிறது, எந்த வடிகால் பின்னோக்கி வருகிறது, எந்தச் சுவரின்மீது தண்ணீர் தெறிக்கிறது என்பதெல்லாம் அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். வெயில் நாளில் வந்து படமெடுத்துச் செல்பவர் எழுதும் அறிக்கையில் இவை வருவதில்லை.

சுவர் எப்போதும் ஈரமாக இருக்கிறது, பூச்சு உதிர்கிறது, வெள்ளைப் பொடி படிகிறது. என்ன செய்வது?

என்னிடம் மிகுதியாக வரும் கேள்வி இதுதான். மிகுதியாகத் தவறான விடை பெறும் கேள்வியும் இதுதான்.

பழைய செங்கல் சுவர்கள் சுண்ணாம்புக் காரையால் கட்டி, சுண்ணாம்பால் பூசி, சுண்ணாம்பே அடித்தவை. அவற்றில் பலவற்றின் அடியில் ஈரம் தடுக்கும் படலம் கிடையாது. நிலத்து நீர் செங்கல்லின் நுண்துளைகள் வழியாகச் சுமார் ஒரு மீட்டர் அல்லது ஒன்றரை மீட்டர் வரை ஏறும். ஏறிய நீர் மூச்சுவிடும் பூச்சின் வழியாக ஆவியாகிப் போகும். இந்த ஏற்பாட்டோடுதான் அச்சுவர்கள் பல பத்தாண்டுகள் நின்றன. பின்னால் வந்தவர்கள் சிமெண்டுப் பூச்சு பூசி, பளபளக்கும் பெயிண்டு அடித்து, அடிப்பகுதியில் பீங்கான் ஓடு ஒட்டியதும் ஈரம் வெளியேறும் வழி அடைபட்டது. வெளியேற முடியாத ஈரம் ஓட்டுக்கு மேலே ஏறி அங்கே வெளிவரும். அதில் கரைந்திருந்த உப்பு, நீர் ஆவியாகும் இடத்தில் படிகமாகி விரிந்து, செங்கல்லின் முகத்தையே பொடியாக்கும். நீங்கள் பார்க்கும் வெள்ளைப் பொடி அந்த உப்புதான்.

ஆகவே, பூச்சு வேலைக்கு ஆள் அழைக்கும் முன்னால் வெளியே போய்ப் பாருங்கள். சுவரை ஒட்டிய நிலம் உள்தரையைவிட உயர்ந்திருக்கிறதா? வாகனம் நிறுத்தக் கொட்டிய காங்கிரீட் தளம் மழைநீரைச் சுவர்ப்பக்கம் தள்ளுகிறதா? அபிஷேக நீர் போகும் வாய்க்கால் உடைந்து அடித்தளத்துக்குள் இறங்குகிறதா? வடிகாலைச் சீர்செய்து, நிலமட்டத்தைத் தாழ்த்தி, கூரை நீரைத் தள்ளி விழச்செய்தாலே பாதி வேலை முடிந்துவிடும். அதன்பின் சிமெண்டுப் பூச்சைக் கவனமாகக் கொத்தியெடுத்துச் சுவரை உலரவிட வேண்டும். ஒவ்வோர் அங்குலப் பருமனுக்கும் ஏறத்தாழ ஒரு மாதம் என்பது பொதுவான கணக்கு. ஒன்பது அங்குலச் சுவருக்கு ஒன்பது மாதம் ஆகலாம். நம் ஈரக்காற்றில் அதற்கு மேலும் ஆகலாம். உப்பு மிகுந்த சுவருக்கு முதலில் ஒரு தற்காலிகச் சுண்ணாம்புப் பூச்சு பூசி, உப்பை அதற்குள் இழுத்துக்கொள்ளச் செய்து, பிறகு அந்தப் பூச்சை அகற்றிவிடும் முறையும் உண்டு. சுவருக்குள் மருந்து செலுத்தி ஈரத்தைத் தடுப்பது கடைசி வழியாக இருக்கட்டும். அது முதல் வழியாக விற்கப்படுகிறது.

சுண்ணாம்பு வேலைக்கு இங்கே பொருளும் ஆளும் கிடைக்குமா?

பொருளுக்குக் குறைவில்லை. ஈப்போ வட்டாரத்துக் குன்றுகளே சுண்ணாம்புக் கல்தான். சுண்ணாம்பு அங்கே இன்றும் தயாராகிறது. கவனிக்க வேண்டியது தரமும் பக்குவமும். நீற்றிய சுண்ணாம்பை நீருக்கடியில் பல வாரங்களாவது ஊறவிட்டு வெண்ணெய்ப் பதமான பிறகே காரைக்கு எடுக்க வேண்டும். நெடுநாள் மூட்டையில் கிடந்த தூள் காற்றோடு சேர்ந்து மீண்டும் கல்லாகியிருக்கும். அதில் பிடிப்பு இருக்காது. ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல் என்பது தொடக்க அளவு. கழுவிய, கூரான, பல பருமன் கலந்த மணல் வேண்டும். கடலோர மணல் கூடாது. ஒரு பூச்சு பத்து மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று இறுகுவது மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் என்ற வேகத்தில்தான் நடக்கும் என்பதால், நேர்வெயிலும் சாரலும் படாதபடி ஈரச்சாக்கு தொங்கவிட்டுக் காக்க வேண்டும்.

ஆள்தான் அரிது. சிமெண்டிலேயே பழகிய கொத்தனார் இரண்டு நாளில் முடிக்க நினைப்பார். எந்த ஒப்பந்தத்திலும் முதலில் ஒரு சதுர மீட்டர் மாதிரிப் பூச்சு பூசவைத்து, சில வாரம் பொறுத்திருந்து பார்த்த பிறகே மீதிக்கு அனுமதி கொடுங்கள்.

சுவரில் விரிசல் விட்டிருக்கிறது. கட்டடம் விழுந்துவிடுமா?

பெரும்பாலான விரிசல்கள் அச்சுறுத்துபவை அல்ல. ஒரு மில்லிமீட்டருக்குக் குறைந்தவை மிகச் சிறியவை. ஐந்து மில்லிமீட்டர் வரை கதவு சன்னல் சற்றுப் பிடிக்கலாம். ஐந்திலிருந்து பதினைந்து வரை சுவரில் சில இடங்களைத் திறந்து கட்ட நேரிடும். பதினைந்தைத் தாண்டினால் பொறியாளரை உடனே அழைக்க வேண்டும். அகலத்தைவிட முக்கியமானது, விரிசல் இன்னும் வளர்கிறதா என்பது. அதன் இரு பக்கமும் குறியிட்டு, அளவு காட்டும் பிளாஸ்டிக் பட்டையை ஒட்டி, மாதம் ஒருமுறை தேதியோடு எழுதிவாருங்கள். ஒரு மழைப் பருவமும் ஒரு வறண்ட பருவமுமாவது கடக்கட்டும். மேலே அகன்று கீழே குறுகினால் கட்டடத்தின் ஓர் ஓரம் இறங்குகிறது என்று ஐயப்படலாம். கிந்தா பள்ளத்தாக்கில் ஈயம் தோண்டிய நிலத்தை நிரப்பிக் கட்டிய இடங்களிலும், சுண்ணாம்புப் பாறைக்கு மேல் அமைந்த இடங்களிலும் நிலம் இறங்குவது உண்டு. அங்கே மண் ஆய்வு இல்லாமல் சுவரை மட்டும் தைப்பது வீண் செலவு.

மரத்தைக் கரையான் தின்றுவிட்டது. எல்லாவற்றையும் எடுத்துவிட்டு இரும்பு போடலாமா?

தின்ற இடத்தை மட்டும் கண்டறியுங்கள். திருப்புளியால் தட்டிப் பார்த்தால் உள்ளீடற்ற ஓசை கேட்கும். கூர்முனை உள்ளே இறங்கும். சுவரில் ஏறும் மண்குழாயைத் துடைத்துவிடாமல், அது எங்கிருந்து தொடங்குகிறது என்று பின்தொடருங்கள். கரையானுக்கு ஈரம் வேண்டும் என்பதால், ஒழுகும் பீலிக்கு அடியிலும் மண்ணைத் தொடும் நிலைக்காலிலும்தான் தாக்குதல் தொடங்கும். கூட்டையே அழிக்கும் இரைப்பொறி முறையை, உரிமம் பெற்ற பூச்சிக்கட்டுப்பாட்டாளரிடம் கேட்டு வாங்குங்கள்.

பழைய லயங்களிலும் பங்களாக்களிலும் செங்கால், மெர்பாவ் போன்ற வன்மரங்கள் கிடைக்கின்றன. அவற்றுக்கு இணையான மரத்தை இன்று வாங்குவது கடினம். விலையும் மிக அதிகம். கைமரத்தின் நுனி ஒரு முழம் அழுகியிருந்தால் அந்த ஒரு முழத்தை வெட்டிவிட்டு அதே வகை மரத்தைச் சாய்வெட்டில் பொருத்தி ஆணியடிக்கலாம். இதைச் செய்யத் தெரிந்த தச்சர் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள். முழுக் கூரையையும் இரும்பாக மாற்றச் சொல்பவர், எடுத்த மரத்தை எங்கே கொண்டுபோகிறார் என்றும் கேளுங்கள்.

கூரைத் தகடு ஆஸ்பெஸ்டாஸ் என்கிறார்கள். ஆபத்தா?

முழுதாக, உடையாமல், பெயிண்டு பிடித்திருக்கும்வரை உடனடி ஆபத்து குறைவு. அறுப்பது, துளையிடுவது, உயரழுத்த நீரால் கழுவுவது ஆகிய மூன்றும் நுண்ணிழைகளைக் காற்றில் கலக்கும்; அவை நுரையீரலை அழிப்பவை. குறிப்பாகக் கூட்டுப்பணி நாளில் இளைஞர்களை மேலே ஏற்றிக் கழுவச் சொல்லாதீர்கள். ஆய்வகத்தில் ஒரு துண்டைச் சோதித்து, ஆஸ்பெஸ்டாஸ் என்று உறுதியானால், அத்தகைய வேலையில் பயிற்சியுள்ள ஒப்பந்தக்காரரைக் கொண்டு மட்டுமே அகற்றுங்கள்.

எங்கள் பள்ளிக் கட்டடம் 1950களில் எழுந்த காங்கிரீட். அதிலும் பழுது பார்க்க இருக்கிறதா?

நிறைய இருக்கிறது. அக்காலக் காங்கிரீட்டில் இரும்புக் கம்பியை மூடியிருக்கும் காங்கிரீட் அடுக்கு பெரும்பாலும் மெல்லியது. காற்றிலுள்ள கரியமில வாயு மெல்ல உட்புகுந்து காங்கிரீட்டின் காரத்தன்மையைக் குறைக்கும். காரம் போன இடத்தில் கம்பி துருப்பிடிக்கும். துரு பருத்து மூடியிருக்கும் காங்கிரீட்டைத் தள்ளிவிடும். வகுப்பறைக் கூரையிலிருந்து துண்டு விழுவது இதனால்தான். புதிதாக உடைத்த முகத்தில் பினாப்தலீன் என்ற வேதிக் கரைசலைத் தெளித்தால் காரமுள்ள பகுதி இளஞ்சிவப்பாகும், காரமிழந்த பகுதி நிறமின்றி நிற்கும். இந்த எளிய சோதனையைப் பல இடங்களில் செய்தால், எந்த விட்டம் காப்பாற்றக்கூடியது, எது மாற்றப்பட வேண்டியது என்று பிரிக்கலாம். விழுந்த இடத்தில் சிமெண்டு அப்பிப் பெயிண்டு அடிப்பது, பிள்ளைகளின் தலைக்கு மேல் பழுதை மறைத்துவைப்பதாகும். இதில் எனக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை: ஐயமுள்ள கூரைக்குக் கீழே வகுப்பு நடத்தக் கூடாது.

பயன்பாட்டில் இல்லாத புகைக்கூடத்தை வேறு பயனுக்கு மாற்றலாமா?

மாற்றலாம், அது பாழாய்க் கிடப்பதைவிட நல்லது. ரப்பர்த் தாளைப் புகையில் உலர்த்திய கூடங்களின் உட்சுவர் முழுவதும் கரியும் தாரும் ஊறியிருக்கும். மேலே எதைப் பூசினாலும் பழுப்புக்கறை வெளிவரும். என் பரிந்துரை, அதை வெள்ளையாக்க முயலாமல் தளர்ந்த கரியை மட்டும் துடைத்துவிட்டு அப்படியே விடுவது. அந்தக் கருமைதான் அந்தக் கூடம் செய்த வேலைக்கான சான்று. பால் உறையச் சேர்த்த பார்மிக் அமிலம் வழிந்த தளங்களில் காங்கிரீட் அரிக்கப்பட்டிருக்கும், அதைச் சோதியுங்கள். தள்ளுவண்டித் தண்டவாளம் எஞ்சியிருந்தால் பழைய இரும்புக்கு விற்றுவிடாதீர்கள்.

கும்பாபிஷேகத்துக்கு நாள் குறித்துவிட்டோம். இப்போது ஆய்வு செய்ய நேரம் ஏது?

நாளைக் குறித்துவிட்டு வேலையைத் தொடங்குவதே தோட்டக் கோயில்களின் திருப்பணியில் மிகப் பெரிய இடர். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை திருப்பணி என்ற மரபு, உண்மையில் மிகச் சிறந்த பராமரிப்புத் திட்டம். அந்தப் பன்னிரண்டு ஆண்டும் சும்மா இருந்துவிட்டுக் கடைசி ஆறு மாதத்தில் எல்லாவற்றையும் செய்ய முனைவதால்தான் அது கெடுகிறது. தமிழகத்திலிருந்து வரும் ஸ்தபதிகளின் அனுமதிக் காலமும் குறைவு என்பதால், ஈரம் உலராத சுவர்மேல் சுதை வேலை ஏறுகிறது. அடுத்த மழைக்குள் வர்ணம் கொப்பளிக்கிறது. உபயதாரர் மனம் வருந்துகிறார்.

வரிசை இப்படி இருக்கட்டும். பாலாலயத்துக்கு (திருப்பணிக் காலத்தில் தெய்வத்தைத் தற்காலிக இடத்தில் எழுந்தருளச் செய்வதற்கு) ஓராண்டுக்கு முன்பே நிலை ஆய்வும் ஆவணப்படமும் முடிய வேண்டும். கூரை, பீலி, வடிகால் ஆகியவற்றை உடனே சரிசெய்து சுவர்களை உலரவிட வேண்டும். பிறகு பாலாலயம் செய்து விமானத்திலும் கோபுரத்திலும் ஏற வேண்டும். கும்பாபிஷேக நாளை அதற்குப் பின்னரே குறிக்கலாம். குருக்களிடமும் ஸ்தபதியிடமும் இதைப் பணிவோடு எடுத்துச் சொன்னால் மறுப்பதில்லை என்பது என் அனுபவம்; அவர்களுக்கும் வேலை நிலைக்க வேண்டும்.

திருப்பணியில் புதுப்பித்தல் முறையானதே. வழிபாட்டில் இருக்கும் கோயிலை அருங்காட்சியகப் பொருளாக உறையவைக்கச் சொல்ல யாருக்கும் உரிமையில்லை. பாரம்பரியப் பாதுகாப்பு வல்லுநர்கள் ஜப்பானின் நாரா நகரில் கூடி உருவாக்கிய 1994ஆம் ஆண்டின் நாரா ஆவணமும் ஒவ்வொரு பண்பாடும் தன் மரபுப்படியே உண்மைத்தன்மையை மதிப்பிடலாம் என்று ஏற்றுக்கொண்டது. ஆனால் புதுப்பிக்கும் முன் இருப்பது என்னவென்று தெரிந்திருக்க வேண்டும். பத்து காஜா அருகே கெல்லி மாளிகையைக் கட்டத் தொடங்கிய வில்லியம் கெல்லி ஸ்மித், அது முடியுமுன் 1926இல் லிஸ்பனில் இறந்தார். அங்கே பாடுபட்ட தமிழ்த் தொழிலாளர்களுக்காக எழுந்த மாரியம்மன் கோயிலின் மேற்கூரையில், தெய்வ உருவங்களுக்கிடையே வெள்ளைக்காரர் ஒருவரின் சுதை உருவம் நிற்கிறது. அது ஸ்மித்தின் உருவம் என்பர். அதுபோன்ற துரை உருவமோ, காவல்காரர் உருவமோ, உள்ளூர்க் கொத்தனார் தம் மனம்போலச் செய்த குதிரையோ உங்கள் கோயிலிலும் இருக்கலாம். “சாஸ்திரப்படி இல்லை” என்று உடைத்துவிட்டால், அந்தத் தோட்டத்து மக்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதற்கான சான்று போய்விடும்.

வர்ணத்தைச் சுரண்டும்போது ஓர் ஓரத்தில் சிறு சதுரம் விட்டு, அடுக்கடுக்காகத் திறந்து படமெடுங்கள். அடியில் காவியும் நீலமும் சுண்ணாம்பு வெள்ளையும் தெரியலாம். சுதை உருவங்களுக்குள் இருக்கும் இரும்புக் கம்பி துருப்பிடித்தால் கையும் விரலும் பிளக்கும். மாற்றும் கம்பி துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும்.

கோபுரத்தில் அரசங்கன்று முளைத்திருக்கிறது. பிடுங்கலாமா?

சின்னக் கன்றாக இருக்கும்போதே எடுங்கள். காத்திருந்தால் வேர் செங்கல்லைப் பிளக்கும். பலர் தயங்குவது எனக்குப் புரிகிறது. குருக்களைக் கேட்டு, நல்ல நாளில் வேரோடு எடுத்து வளாகத்தில் தள்ளி ஓரிடத்தில் நட்டுவிடும் வழக்கம் பல ஊர்களில் உண்டு. பெரிதாகிவிட்ட வேரை இழுத்துப் பிடுங்காதீர்கள், சுவரும் கூடவே வரும். வெட்டி, வேரை உயிரிழக்கச் செய்து, பிறகு அந்த இடத்தைச் சுண்ணாம்புக் காரையால் அடைக்க வேண்டும்.

கடைத்தெருவில் எங்கள் கடைவீட்டுக்குப் பக்கத்துக் கடையை இடிக்கப் போகிறார்கள். நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

உடனடியாக, இடிப்பு தொடங்கும் முன்பே, உங்கள் கட்டடத்தின் இன்றைய நிலையைத் தேதியிட்ட படங்களோடு அறிக்கையாக்கி, பக்கத்து உரிமையாளருக்கும் நகராண்மைக் கழகத்துக்கும் ஒரு பிரதி கொடுங்கள். கடைவீடுகளில் இரு கடைக்கும் ஒரே சுவர்தான்; விட்டங்கள் அதில் இருபுறமிருந்தும் ஊன்றியிருக்கும். முட்டு கொடுக்காமல் ஒருபக்கத்தை எடுத்தால் மறுபக்கம் சாயும். இத்தெருக்கள் நலிந்ததற்கு ஒரு பழைய காரணமும் உண்டு: 1948 ஜனவரி 31க்கு முன் கட்டி முடித்த கட்டடங்களுக்கு வாடகைக் கட்டுப்பாடு இருந்ததால் உரிமையாளர்களுக்குப் பழுதுபார்க்க வருமானம் இல்லை. 1999ஆம் ஆண்டின் இறுதியோடு அக்கட்டுப்பாடு முடிந்தபோது பல கட்டடங்கள் ஏற்கெனவே கூரை ஒழுகி நின்றன.

இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவது மலிவு என்கிறார் ஒப்பந்தக்காரர். உண்மையா?

சில நேரம் உண்மை, பல நேரம் கணக்கு பாதியாகச் சொல்லப்படுகிறது. இடிப்பு, கழிவு அகற்றல், புதிய வரைபட ஒப்புதல், இடைக்காலத்தில் மாற்று இடம் ஆகியவற்றைச் சேர்த்துக் கேளுங்கள். நிலம் உங்கள் பெயரில் இல்லாத இடங்களில் இதில் இன்னொரு பேராபத்து உண்டு: இருக்கும் கட்டடம் நெடுங்காலமாக இருந்துவருவது என்பதே உங்கள் பக்கத்து வாதம். அதை நீங்களே இடித்துவிட்டால், புதிதாகக் கட்ட அனுமதி கிடைக்காமல் வெறுந்தரையோடு நிற்க நேரிடும். ஆகவே எந்தத் திருப்பணிக்கும் முன்னால் நில அலுவலகத்தில் கிராண்ட் (நில உரிமைப் பத்திரம்) யார் பெயரில் இருக்கிறது என்று தேடிப்பார்த்து, நில உரிமையாளரின் எழுத்துவழி இசைவைப் பெறுங்கள். தோட்ட மேலாளர் வாய்மொழியாகத் தந்த சம்மதம், அவர் மாற்றலாகிப் போனதும் போய்விடும்.

யாரை அமர்த்துவது? பணத்தை எப்படி நிர்வகிப்பது?

ஆய்வு செய்பவரும் வேலை செய்பவரும் ஒருவராகவே இருக்கக் கூடாது. தேசியப் பாரம்பரியத் துறையில் பதிவு பெற்ற பாதுகாப்பு வல்லுநர்கள் இருக்கிறார்கள். முழுப் பணிக்கும் அமர்த்த வசதியில்லை என்றால், ஆய்வறிக்கைக்கும் வேலைமுறை எழுதுவதற்கும் மட்டுமாவது ஒருவரை அமர்த்துங்கள். அந்த அறிக்கையை வைத்தே விலை கேளுங்கள். மூன்று ஒப்பந்தக்காரர் மூன்று வேறு வேலைக்கு விலை சொன்னால் ஒப்பிட்டுப் பார்க்க முடியாது.

பழைய கட்டடத்தில் திறந்து பார்க்கும்வரை தெரியாதவை மிகுதி என்பதால், மதிப்பீட்டின் மேல் 15 முதல் 20 விழுக்காட்டைத் தனியாக ஒதுக்கிவையுங்கள். உபயமாக வந்த ரிங்கிட்டெல்லாம் கோபுர வர்ணத்துக்கே போய்விட்டுக் கூரைக்கு இல்லாமல் போவதை அடிக்கடி பார்க்கிறேன். வடிகாலுக்கு உபயம் கேட்டால் கொடுக்க ஆளில்லை என்பார்கள். கல்வெட்டில் பெயர் பொறிப்பதாகச் சொல்லிக் கேளுங்கள், ஏனென்றால் அந்த வடிகால்தான் கோபுரத்தைத் தாங்கப் போகிறது. கூடுதல் வேலை எதுவும் எழுத்து மூலமான உத்தரவு இல்லாமல் நடக்கக் கூடாது. கடைசித் தவணையில் ஒரு பகுதியைக் குறையுணரும் காலம் (குறை தென்பட்டால் ஒப்பந்தக்காரரே சரிசெய்ய வேண்டிய காலம்) முடியும்வரை நிறுத்திவையுங்கள். அந்தக் காலம் குறைந்தது ஒரு முழு மழைச் சுழற்சியையாவது தாண்ட வேண்டும். பணியிடத்தில் அன்றாடக் குறிப்பேடு ஒன்றை வைத்து, மூடப்படும் ஒவ்வொன்றையும் மூடுமுன் படமெடுங்கள்.

பணி முடிந்தபின் என்ன செய்வது?

பராமரிப்புக்கென ஓர் ஏடு தொடங்குங்கள். ஏப்ரலுக்கு முன்பும் அக்டோபருக்கு முன்பும் பீலியையும் வடிகாலையும் தூர்வார வேண்டும். ஒவ்வொரு கனமழைக்கு மறுநாளும் கூரையின் உட்பக்கத்தை விளக்கடித்துப் பார்க்க வேண்டும். நழுவிய ஓட்டை அந்த வாரமே ஏற்ற வேண்டும். கரையான் பொறியைப் பூச்சிக்கட்டுப்பாட்டாளர் சொன்ன இடைவெளியில் திறந்து பார்க்க வேண்டும். பழைய ஓடுகளில் எஞ்சியவற்றை எறியாமல் அடுக்கிவைத்து, இத்தனை இருக்கின்றன என்று ஏட்டில் எழுதுங்கள். வரைபடங்களின் ஒரு பிரதி செயலாளர் வீட்டில் மட்டும் இருந்தால், அடுத்த தேர்தலில் அவர் மாறும்போது அதுவும் காணாமல் போகும். ஆலய அலுவலகத்தில் ஒன்று, பள்ளியில் ஒன்று, குழுவுக்கு வெளியே நம்பகமான ஒருவரிடம் ஒன்று என மூன்றிடத்தில் வையுங்கள். ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் கணக்கறிக்கையை அடுத்து அந்த ஏட்டை முழுவதும் வாசித்து, செய்யாமல் விட்டவற்றுக்கு அங்கேயே பொறுப்பாளரையும் தேதியையும் குறியுங்கள்.